காற்றைச் சக்கரத்தில் கட்டியவர்

நுழையும் முன்

நாள்தோறும் நம் கண்ணெதிரே ஓடும் பொருள்களுக்குப் பின்னால் மனிதர்களின் வாழ்க்கை மறைந்திருக்கிறது. மிதிவண்டியின் டயரும் அப்படிப்பட்ட ஒன்று. அதற்குப் புகழ் தேடித் தந்த ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம். அப்புகழ் யாரையெல்லாம் சேர வேண்டும் என்பதையும் உடன் எண்ணிப் பார்ப்போம்.

மட்டாஞ்சேரியின் கடைத்தெருவில் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். ஏலக்காயும் மிளகும் மணக்கும் கிடங்குகளின் முன்னால் சரக்கு வண்டிகள் நெருக்கும். அவற்றின் ஊடே மிதிவண்டிகள் வளைந்து வளைந்து செல்லும். வெளிப் பகுதியின் சலவைத் துறையில் தேய்த்து மடித்த துணி மூட்டையைப் பின்னிருக்கையில் கட்டிக்கொண்டு ஒருவர் போவார். தேநீர்ப் பாத்திரத்தைக் கைப்பிடியில் தொங்கவிட்டு மற்றொருவர் விரைவார். அவர்களுள் உங்கள் தந்தையோ மாமாவோ இருக்கலாம்.

அவ்வண்டிகளில் ஒன்றின் சக்கரத்தில் ஆணி தைத்துவிட்டால் என்ன ஆகும்? பழுது பார்க்கச் சிறிது பணம் செலவாகும். அதைவிடப் பெரிதாகக் காலை நேரம் வீணாகும். குறித்த நேரத்தில் துணி சேராவிட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். ஆகவே டயர் வாங்கச் செல்பவர் கடையில் நின்று இரண்டு கேள்விகளை மனத்துக்குள் எழுப்பிக்கொள்கிறார். இது இலகுவாக ஓடுமா? ஆணிக்கும் கண்ணாடிச் சில்லுக்கும் தாங்குமா? இவ்விரண்டும் எளிதில் ஒத்துப்போவதில்லை. விரைவைக் கூட்டினால் உறுதி குறைகிறது; உறுதியைக் கூட்டினால் விரைவு குறைகிறது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர் இந்தச் சிக்கலை அவிழ்க்க முயன்று வருகின்றனர். அச்சிக்கலின் முதல் முடிச்சோடு இணைத்துப் பேசப்படும் பெயர் ஜான் பாய்டு டன்லப்.

கால்நடை மருத்துவர்

டன்லப் 1840ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 5ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டின் டிரெகார்ன் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். குறை மாதத்தில் பிறந்தவர் என்று வீட்டார் கூறியதனால், தம் உடல் வலுவற்றது என்றே அவர் வாழ்நாள் முழுவதும் எண்ணியிருந்தார். கடும் உழைப்பையும் ஓட்டத்தையும் தவிர்த்தார். உலகத்தையே விரைந்து ஓடச் செய்தவர் தாம் மெல்ல நடந்தவர் என்பது வியப்புக்குரியது.

எடின்பரோ நகரில் கால்நடை மருத்துவம் பயின்று பட்டம் பெற்ற அவர், சில ஆண்டுகள் சொந்த நாட்டில் தொழில் செய்தார். 1867ஆம் ஆண்டில் கடல் கடந்து அயர்லாந்துக்குச் சென்றார். பிழைப்புக்காகப் பிறந்த மண்ணை விட்டு வேற்றூர் சென்று வேரூன்றியவர் அவர். இந்த இடத்தில் அவர் வாழ்க்கை உங்கள் பெற்றோரின் வாழ்க்கையைத் தொட்டுச் செல்வதைக் காணலாம். பெல்பாஸ்ட் நகரில் அவர் நடத்திய கால்நடை மருத்துவமனை அந்நாட்டின் பெரிய மருத்துவமனைகளுள் ஒன்றாக வளர்ந்தது. குதிரைகளின் குளம்பையும் மாடுகளின் காய்ச்சலையும் கவனித்துவந்த அவருக்கும் மிதிவண்டிக்கும் அதுவரை யாதொரு தொடர்பும் இல்லை.

மகனின் முச்சக்கர வண்டி

அக்காலத்தில் மிதிவண்டிச் சக்கரங்களில் கெட்டியான ரப்பர் வளையங்களே பொருத்தப்பட்டிருந்தன. அவற்றுள் காற்று இல்லை. பெல்பாஸ்ட் நகரத் தெருக்களோ கருங்கல் பாவியவை. அத்தெருக்களில் வண்டி ஓட்டுபவரின் எலும்புகள் அதிர்ந்தன. டன்லப்பின் மகன் ஜானி அப்போது பத்து வயதை எட்டாத சிறுவன். தன் முச்சக்கர வண்டி குலுங்குவதைப் பற்றி அவன் தந்தையிடம் முறையிட்டான். பிள்ளையின் குறையைக் கேட்டுக் கடந்து போகாமல், அதற்கு வழி தேடத் தொடங்கினார் தந்தை.

1887ஆம் ஆண்டின் இறுதியில் அவர் ஒரு வட்டமான மரப்பலகையை எடுத்தார். மெல்லிய ரப்பர்த் தகட்டைக் குழாயாக ஒட்டி, அதன்மேல் துணியைச் சுற்றி, பலகையின் விளிம்பில் பொருத்தினார். கால்பந்துக்குக் காற்றடிக்கும் குழலால் அதனுள் காற்றை நிரப்பினார். பின்னர் மகனின் வண்டியிலிருந்து கெட்டி ரப்பர்ச் சக்கரம் ஒன்றைக் கழற்றி, இரண்டையும் முற்றத்தில் ஒன்றன்பின் ஒன்றாக உருட்டிவிட்டார். கெட்டிச் சக்கரம் பாதி வழியிலேயே தளர்ந்து விழுந்தது. காற்றுச் சக்கரம் முற்றத்தின் மறுமுனைவரை ஓடி, வாயிற்கதவின் தூணில் மோதித் திரும்பியது.

அந்த ஒரு காட்சி அவருக்கு எல்லாவற்றையும் உணர்த்தியது. அவர் தேடியது குலுங்காத வண்டி. கிடைத்ததோ விரைவான வண்டியும் கூட.

ஏன் அவ்வாறு நிகழ்ந்தது? கெட்டிச் சக்கரம் ஒரு கல்லின்மேல் ஏறும்போது வண்டி முழுவதையும் சற்றே மேலே தூக்குகிறது. முன்னே செல்ல வேண்டிய ஆற்றலின் ஒரு பகுதி மேலே எழுவதில் செலவாகிவிடுகிறது. காற்றடைத்த டயரோ கல்லைத் தன்னுள் அமிழ்த்திக்கொள்கிறது. கல்லைக் கடந்ததும் மீண்டும் தன் வடிவத்தைப் பெறுகிறது. எனவே வண்டி எழாமல் முன்னேறுகிறது. மென்மையாக இருப்பது மெதுவாகத்தான் இருக்கும் என்னும் எண்ணம் அந்த முற்றத்தில் பொய்யாயிற்று.

1888ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மகனின் வண்டியில் புதிய டயர்கள் பொருத்தப்பட்டு ஓட்டிப் பார்க்கப்பட்டன. அதே ஆண்டு திசம்பர் 7ஆம் நாள் டன்லப்புக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு.

சிரித்தவர்கள் வாயடைத்தனர்

1889ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் பெல்பாஸ்ட் குயின்ஸ் கல்லூரித் திடலில் மிதிவண்டிப் பந்தயங்கள் நடைபெற்றன. வில்லி ஹியூம் என்னும் வீரர் காற்றடைத்த டயர்கள் பூட்டிய வண்டியுடன் களத்தில் இறங்கினார். தடித்த அச்சக்கரங்களைக் கண்டு கூடியிருந்தோர் நகைத்தனர். மெல்லிய சக்கரமே விரைந்தோடும் என்று அவர்கள் நம்பியிருந்தனர். பந்தயங்கள் முடிந்தபோது நான்கு மிதிவண்டிப் போட்டிகளிலும் ஹியூமே வென்றிருந்தார்.

அவரிடம் தோற்றவர்களுள் டப்ளின் நகர வணிகர் ஹார்வி டு குரோவின் மைந்தர்களும் இருந்தனர். தம் மைந்தரை வென்றது வீரரின் கால் வலிமை மட்டுமன்று, சக்கரமுமே என்பதை அவ்வணிகர் உணர்ந்தார். அவர் டன்லப்புடன் இணைந்து அவ்வாண்டின் இறுதியில் டப்ளினில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். சில ஆண்டுகளுக்குள் பந்தயத் திடல்களிலிருந்து கெட்டி டயர்கள் ஏறத்தாழ மறைந்தே போயின.

விரைவுக்குக் கொடுத்த விலை

ஆனால் ஒரு குறை இருந்தது. கெட்டி ரப்பரில் ஆணி தைத்தால் ஒன்றும் நேராது. காற்று டயரில் தைத்தால் பயணமே நின்றுவிடும். டன்லப்பின் தொடக்ககால டயர் சக்கரத்தோடு ஒட்டிக் கட்டப்பட்டிருந்தது. ஓட்டையை அடைக்க வேண்டுமானால் முழுவதையும் பிரித்து, ஒட்டி, மீண்டும் உலரவிட வேண்டும். மணிக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. பந்தய வீரர் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அன்றாடம் வேலைக்குச் செல்பவர் எவ்வாறு பொறுப்பார்?

இக்குறையை நீக்கியவர் டன்லப் அல்லர். 1890ஆம் ஆண்டில் சார்லஸ் வெல்ச் என்பவர் டயரின் ஓரங்களில் கம்பி வளையங்களை வைத்து, குழிந்த விளிம்புடைய சக்கரத்தில் பொருத்தும் முறையைக் கண்டார். அதே ஆண்டில் வில்லியம் பார்ட்லெட் என்பவர் டயரின் தடித்த ஓரம் சக்கர விளிம்பைக் கவ்விக்கொள்ளும் மற்றொரு முறையைக் கண்டார. இம்முறைகளால் டயரைக் கழற்றி, உள்ளிருக்கும் டியூபை எடுத்து, ஒட்டுப் போட்டு, மீண்டும் பூட்டுதல் எளிதாயிற்று. பிரான்சு நாட்டின் மிச்சலின் உடன்பிறந்தோரும் கழற்றக்கூடிய டயரைச் செய்தனர். 1891ஆம் ஆண்டு பாரிசிலிருந்து பிரெஸ்ட் நகருக்குச் சென்று திரும்பிய நெடும் பந்தயத்தில் அவர்களுடைய டயரைப் பூட்டிய வீரரே முதலிடம் பெற்றார். இன்று நம் தெருமுனைக் கடைக்காரர் நெம்புகோல்களைச் செருகி நொடியில் டயரைக் கழற்றுகிறார் அல்லவா? அவர் கை அசைவில் வெல்ச்சின் அறிவும் இருக்கிறது.

கைநழுவிய உரிமை

டன்லப்பின் மகிழ்ச்சி நீண்ட நாள் நிலைக்கவில்லை. காப்புரிமை பெற்ற இரண்டே ஆண்டுகளில், அது செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. அவருக்கு முன்பே, 1845ஆம் ஆண்டில், ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அவரும் ஸ்காட்லாந்து நாட்டவரே. அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. ரப்பர் பூசிய துணிக்குழாயின்மேல் தோல் உறையிட்டு, குதிரை வண்டிகளுக்காக அவர் அதைச் செய்தார். அது நன்றாகவே ஓடியது. ஆயினும் அன்று ரப்பர் விலை மிகுந்தது. இலகுவான சக்கரத்தை நாடும் மிதிவண்டியோ இன்னும் பரவவில்லை. உலகம் அதனை மறந்தது. 1873ஆம் ஆண்டில் தாம்சன் மறைந்தார். ஹியூம் பந்தயத்தில் வென்ற செய்தியை அவர் அறிய வாய்ப்பில்லை.

டன்லப் தாம்சனின் கண்டுபிடிப்பை அறிந்திருக்கவில்லை. அவர் திருடவில்லை, தம் முயற்சியாலேயே கண்டார். ஆனாலும் முதலில் கண்டவர் தாம்சனே. இவ்விரு உண்மைகளையும் ஒருசேர ஏற்றுக்கொள்வதே நேர்மை. காலத்திற்கு முன் வந்தவருக்குக் காப்புரிமை கிடைத்தது, பயன் கிடைக்கவில்லை. காலத்தோடு வந்தவருக்குப் பயன் கிடைத்தது, காப்புரிமை நிலைக்கவில்லை.

முதன்மை உரிமை போயினும் நிறுவனம் வீழவில்லை. வெல்ச், பார்ட்லெட் ஆகியோரின் உரிமைகளை அது வாங்கிக்கொண்டது. ஆனால் நிறுவனத்தாருடன் மனவேறுபாடு கொண்ட டன்லப் 1895ஆம் ஆண்டில் விலகினார். மறு ஆண்டே அந்நிறுவனம் முப்பது இலட்சம் பவுனுக்குக் கைமாறி, பின்னர் ஐம்பது இலட்சம் பவுன் முதலீட்டுடன் மீண்டும் தொடங்கப்பட்டது. அப்பெருஞ்செல்வம் டன்லப்பைச் சேரவில்லை. அவருடைய பெயரும் தாடியுடன் கூடிய முகமும் மட்டும் விற்பனைச் சின்னங்களாக உலகைச் சுற்றின. வங்கத்தின் சாகாகஞ்சிலும் பின்னர் சென்னையை அடுத்த அம்பத்தூரிலும் அவர் பெயரில் தொழிற்சாலைகள் எழுந்தபோது அவர் உயிருடன் இல்லை. டப்ளின் நகரில் அமைதியாக வாழ்ந்த அவர் 1921ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் தம் எண்பத்தொன்றாம் வயதில் காலமானார்.

பால் வடித்த கைகள்

இவ்வரலாறு இங்கே முடிந்துவிடவில்லை. காற்று டயர் பரவியதும் உலகம் ரப்பருக்காக ஏங்கியது. முதலில் மிதிவண்டிகளும் பின்னர் மோட்டார் வண்டிகளும் அதைக் கேட்டன. ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டில் பெல்சிய மன்னர் லியோபோல்டின் ஆட்சியில் மக்கள் காட்டு ரப்பர் திரட்டுமாறு கொடுமைப்படுத்தப்பட்டனர், எண்ணற்றோர் மாண்டனர். உலகின் கண்டனத்துக்குப் பின்னரே, 1908ஆம் ஆண்டில், அம்மன்னரின் தனியாட்சி முடிவுக்கு வந்தது.

மறுபுறம், 1876ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட விதைகளின் வழித்தோன்றல்கள் இலங்கையிலும் மலேயாவிலும் தோட்டங்களாக விரிந்தன. அத்தோட்டங்களில் பாடுபடத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து பல்லாயிரம் பேர் கப்பலேறினர். கங்காணிகளின் சொல்லை நம்பிச் சென்றவர் பலர். திரும்பி வராதவரும் பலர். விடியற்காலை இருளில் மரத்தைக் கீறிப் பால் வடித்த கைகள் தமிழர் கைகள். கேரளத்தில் 1902ஆம் ஆண்டு பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் முதல் ரப்பர்த் தோட்டம் அமைந்தது. இன்று இந்தியாவிலேயே மிகுதியாக ரப்பர் விளையும் மாநிலம் கேரளம். கொச்சி அதன் சந்தைகளுள் ஒன்று.

ஆகவே டயர் என்பது ஒருவரின் படைப்பன்று. தாம்சனின் எண்ணம், டன்லப்பின் பாசம், வெல்ச்சின் திறம், பெயர் எழுதப்படாத தோட்டத் தொழிலாளரின் வியர்வை ஆகிய எல்லாம் அதில் கலந்திருக்கின்றன.

இன்றைய கடையில்

இனி முதலில் கண்ட கேள்விக்கு வருவோம். எந்த டயரை வாங்குவது?

மெல்லிய ரப்பரும் நுண்ணிய இழைத் துணியும் கொண்ட டயர் எளிதில் வளைந்து கொடுக்கும்; அதனால் விரைந்தோடும். ஆனால் கூர்மையான பொருள்கள் அதைச் சட்டெனத் துளைக்கும். தரையைத் தொடும் பகுதிக்குக் கீழே நைலான் அல்லது அராமிடு இழைகளால் ஆன காப்புப் பட்டை வைத்த டயர் ஆணிக்குத் தாங்கும். ஆனால் எடை கூடும், வளையும் தன்மை குறையும். பந்தயத்துக்குச் செல்பவர் முதலாவதைத் தேர்ந்தெடுப்பார். சுமை ஏற்றிச் செல்பவருக்கு இரண்டாவதே துணை. இரண்டும் வேண்டுவோர் நடுத்தரமான காப்புப் பட்டை உடையதை வாங்கலாம். பின்சக்கரமே மிகுந்த சுமையைத் தாங்குவதால் விரைவில் தேய்கிறது. பெரும்பாலும் பஞ்சராவதும் அதுவே. எனவே உறுதியான டயரைப் பின்னால் பூட்டுவது அறிவுடைமை.

டயரின் அகலமும் கருதத் தக்கது. மேடுபள்ளமான தெருவில் சற்று அகன்ற டயர், அளவான காற்றுடன் ஓடும்போது, மெல்லிய கடின டயரைவிடப் பின்தங்கிவிடுவதில்லை. சில நேரம் முந்தியும் ஓடுகிறது. டன்லப்பின் முற்றத்தில் தெரிந்த உண்மை இதுவே. ஆயினும் காற்று மிகக் குறைந்தால், கல்லுக்கும் சக்கர விளிம்புக்கும் இடையில் டியூப் நசுங்கிக் கிழியும். ஆகவே டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அழுத்த அளவைப் படித்துக் காற்றடிக்க வேண்டும். கொச்சியின் மழைக்காலத்தில் கூடுதல் கவனம் தேவை. மழைநீர் சில்லுகளைச் சாலைக்கு அடித்துவரும். ஈரத்தில் ரப்பர் எளிதாக அறுபடும். ஓட்டி முடித்ததும் டயரைத் துடைத்து, தைத்திருக்கும் சிறு சில்லுகளை அகற்றினால் பல பஞ்சர்களைத் தவிர்க்கலாம்.

ஒரு செய்தி. நம் நாட்டு மிதிவண்டிகளில் சிறு ரப்பர்க் குழல் மாட்டிய வால்வு ஒன்று உண்டு. அக்குழலை வால்டியூப் என்று நம் ஊர்களில் அழைப்பர். உலகின் பல நாடுகளில் அந்த வால்வுக்கு டன்லப் வால்வு என்றே பெயர். ஆனால் அதைச் செய்தவர் உட்ஸ் என்பவர். பெயர் ஒருவருக்கும் உழைப்பு மற்றொருவருக்குமாக அமைவது உலக வழக்கு. பெயரை அறிவது கல்வி. பெயருக்குப் பின்னால் நிற்பவரையும் அறிவது அறிவு.

அடுத்த முறை உங்கள் தந்தையின் மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது சக்கரத்தைச் சற்றே சுழற்றிப் பாருங்கள். மகனின் முறையீட்டைச் செவிமடுத்த ஒரு தந்தையும், கடல் கடந்து பால் வடித்த நம் முன்னோரும் அதனோடு சுழல்வர்.

சொல்லும் பொருளும்

பாவிய – பரப்பிய
முறையீடு – குறையை எடுத்துரைத்தல்
நகைத்தனர் – சிரித்தனர்
மைந்தர் – மகன்கள்
காப்புரிமை – கண்டுபிடிப்பாளருக்கு அரசு வழங்கும் தனி உரிமை
கங்காணி – தோட்டத்துக்கு ஆள் சேர்த்து மேற்பார்ப்பவர்
செவிமடுத்த – கேட்ட

பயிற்சி

1. கெட்டிச் சக்கரத்தைவிடக் காற்றுச் சக்கரம் நெடுந்தொலைவு ஓடியது ஏன்?
2. டன்லப்பின் தொடக்ககால டயரில் இருந்த குறை யாது? அதை நீக்கியவர் யாவர்?
3. டன்லப்பின் காப்புரிமை செல்லாமற்போனது முறையா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
4. உங்கள் வீட்டில் உள்ள மிதிவண்டி எதற்குப் பயன்படுகிறது? அதற்கு எத்தகைய டயர் பொருந்தும் என்பதைப் பத்து வரிகளில் எழுதுக.
5. உங்கள் குடும்பத்தினர் பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த வரலாற்றைப் பெரியோரிடம் கேட்டு, வகுப்பில் எடுத்துரைக்க.